மாதிரி இலக்கம் பதினேழு

கல்லுண்டாய் வெளியில் மாரித்தண்ணி
வத்தத் தொடங்கின கிழமை
முழங்கால் சேற்றில் நின்று
பதினாறு போத்தல் நிரப்பினேன்.
பாலத்துக்குக் கீழே நாலு.
உப்புப் பூத்த வரம்போரம் மூன்று.
ஒழுங்கைக் கழிவெல்லாம் வந்து சேரும்
கறுத்த வாய்க்கால் நெடுக மிச்சம்.

எல்லாவற்றிலும் பச்சை.
அதுதான் முதலில் எனக்குக் கோபம் தந்தது.
திரளிக் குஞ்சு ஒன்றுகூட இல்லாத குழியில்,
கொக்கு ஒருக்கால் இறங்கி
உடனே மனம் மாறி எழும்பிய குழியில்
அலசி விரித்த சீலையாய்ப் பச்சை.
வெட்கமில்லையா என்று கேட்டுவிட்டேன்,
சத்தமாய்.
வலை காயப்போட்டவர் திரும்பிப் பார்த்தார்.

நுணுக்குக்காட்டிக்குக் கீழே
ஒசிலற்றோரியா இழைகள்
நித்திரை வராதவன் தலை
தலையணையில் புரளும் வேகத்தில்
அங்கும் இங்கும்.

ஈயத்தை அது என்ன செய்கிறது என்று
மூன்று மாதம் பார்த்தேன்.
வாசலிலேயே மறித்துவைக்கிறது கொஞ்சத்தை,
சுவரோடு.
வழுவழுத்த உறையில் சிக்கிப் போகிறது கொஞ்சம்.
அதையும் தாண்டி உள்ளே வந்ததை
பொசுபேற்று மணிகளுக்குள் மூடி
ஒரு மூலையில் வைக்கிறது:
கடன்காரனின் கடிதத்தைப் பிரிக்காமலே
லாச்சிக்குள் தள்ளுகிறவன் மாதிரி.
பிறகு தன்பாட்டில் வெயில் குடிக்கிறது.
வளர்கிறது. இரண்டாகிறது.
லாச்சியிலும் பாதி பிள்ளைக்கு.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: தாங்குதிறன்.
எத்தனை ஈயத்தில் பாதி சாகிறதோ
அந்த எண்ணைப் போடவேண்டும்.
மிஞ்சின பாதி
எப்படி இருந்தது என்று எழுத
இடம் விடவில்லை.

என் தம்பி ஜெபநேசன்
நாவாந்துறைப் பக்கம் பற்றறிக் கடையில் நிற்கிறான்.
பழைய தகடுகளைத் தாச்சியில் உருக்கி
அச்சில் வார்ப்பான்.
அசிற்றை வாளியோடு பின்பக்கம் கொண்டுபோவான்.
பின்பக்கம் என்றால் கான்.
கான் போகும் இடம் என் போத்தல்களுக்குத் தெரியும்.
வயிறு குத்துது என்பான் சில இரவுகளில்.
கை விறைக்குது என்பான்.
விடியத் திரும்பச் சைக்கிளில் ஏறும்போது சொல்வான்,
"ஒண்டும் செய்யாது அக்கா, உடம்பு பழகிற்று."
அன்றைக்கு எதற்கோ பெரிதாய்ச் சிரித்தான்.
முரசில், பல்லுக்கு அடியில்,
பென்சிலால் கீறினமாதிரி
ஒரு நீலக் கோடு.

ஞாயிற்றுக்கிழமை
முற்றத்தில் கதிரை போட்டுத் தலைமயிர் வெட்டிவிட்டேன்.
பிடரிப் பக்கத்து மயிர் கொஞ்சம்
கடதாசியில் மடித்தேன்.
திங்கள் ஆய்வுகூடத்தில் ஆரும் வரமுன்
கழுவி, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து
பதினேழு என்று ஒட்டி
மற்றவற்றோடு வரிசையில் வைத்தேன்.
இயந்திரம் ஆருடையது என்று கேட்காது.

ஒன்பதாம் போத்தல் பாசிக்கும் அவனுக்கும்
நடுவில் ஒரு தசமம்தான் வித்தியாசம்.

இனம் என்ற இடத்தை வெறுமையாய் விட்டேன்.
எடுத்த இடம்: வீடு.
பிறகு அழித்தேன்.
கடதாசியில் பள்ளம் நிற்கிறது.

இரவு சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்,
எல்லாம் சொல்லவில்லை, நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு
என்னோடு வா என்றும்
கானுக்குள் இனி ஊத்தாதே என்றும்.
திரளிப் பொரியலைப் பிய்த்தபடி யோசித்தான்.
"லீவு தரமாட்டினம்," என்றான் முதலில்.
பிறகு, உண்மையாகவே தெரியாமல்,
"அப்ப எங்க ஊத்திறது?"

கை கழுவப் போனான்.
குழாயடிச் சீமெந்தில் பச்சை வழுக்கி
சுவரைப் பிடித்துக்கொண்டான்.
சனிக்கிழமை அதை உரஞ்சவேண்டும் என்று
எத்தனை கிழமையாய் நினைக்கிறேன்.